கோயில் வாசலில் என் கையைப் பிடித்து இழுக்காதே

நிரோ,

கராஜுக்குள் பழைய மெத்தைக்குப் பின்னால் நீ ஒளித்து வைத்திருக்கும் சக்கர நாற்காலியை நான் பார்த்துவிட்டேன். மத்தியானச் சமையலுக்கு பிறீசரில் இருந்து மீன் எடுக்கப் போன இடத்தில் கண்ணில் பட்டது. கைபிடிகளில் வெள்ளை ரிபன், சில்லுகளில் நாளைக்கு நான் கட்டப்போகும் சேலையின் நிறத்திலேயே கத்தரிப்பூ ரிபன், முதுகுப் பக்கம் ஒரு பூங்கொத்து, அதற்கு மேல் இரண்டு பிளாஸ்டிக் புறா. உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. திருநாளில் மாதாவை ஏற்றிக்கொண்டு வரும் கூட்டுக்குக்கூட எங்கள் பங்கில் இவ்வளவு சோடனை செய்ததில்லை. நான் ஒருதரம் அதில் உட்கார்ந்தும் பார்த்தேன், மீன் மடியில் இருக்க. வசதியான கதிரை. ஆனால் நாளைக்கு உன் கல்யாணத்துக்கு நான் அதில் வரமாட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேரே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். இந்த வீட்டில் இப்போது பதினாலு பேர் நிற்கிறார்கள். உன்னைத் தனியாகப் பிடித்துக் கதைப்பதென்றால் குளியலறை வரிசையில்தான் நிற்கவேண்டும். அதோடு, நான் வாயைத் திறந்தால் நீ "அம்மா, குளிசை போட்டனீங்களோ?" என்று தொடங்கிவிடுவாய், இரண்டு வருடமாக உன்னிடம் நான் ஒரு வசனத்தையும் முழுதாக முடித்ததில்லை. கடிதத்துக்கு நடுவில் நீ குறுக்கே வரமுடியாது. எழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டு போகும், அது இந்தப் பார்க்கின்சன் வருத்தத்தின் பழக்கம். கடைசிப் பக்கத்துக்கு அப்பாவின் மேசை லாச்சியில் இருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொள்.

நாற்காலி எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். நேற்றைய ஒத்திகைதான். நீயும் நானும் கோயில் வாசல்வரை ஒழுங்காக வந்தோம். வாசலில் அந்த மர நிலைப்படியைக் கண்டதும் என் கால்கள் இரண்டும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டன. மூளை போ என்கிறது, கால் அது யாருக்கோ சொன்ன பேச்சு என்று நிற்கிறது. நீ கையைப் பிடித்து இழுத்தாய். உன் மாமா மற்றக் கையைப் பிடித்து இழுத்தார். பின்னால் யாரோ தள்ளினார்கள். ஓகன் வாசிக்கும் பிள்ளை வருகைப் பாட்டை மூன்றுதரம் திரும்பத் திரும்ப வாசித்தாள், வீடியோக்காரர் அவ்வளவையும் பிடித்தார், பாதர் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று மணிக்கூட்டைப் பார்த்தார். கடைசியில் என்னை இரண்டு பேராகத் தூக்கி, ஒரு அலுமாரியை உள்ளே கொண்டுபோவதுபோலச் சரித்துக் கொண்டுபோய் வைத்தீர்கள். உன் முகத்தை நான் பார்த்தேன். நாளைக்கு நானூறு பேருக்கு முன்னால் அம்மாவை இப்படி எல்லாரும் பார்க்கப்போகிறார்களே என்று நீ பயந்தாய். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. உனக்காகக்கூட அல்ல, எனக்காகவே. எனக்கு இருப்பது ஒரு பிள்ளை, அவன் கல்யாணத்துக்கு ஒரு பக்கம் அப்பாவும் ஒரு பக்கம் நானுமாக என் காலால் நடந்து உள்ளே போகவேண்டும் என்று எனக்கு ஆசை. பேராசை என்றாலும் ஆசை.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்த வழியைச் சொல்வதென்றால் முதலில் நான் உனக்குச் சொன்ன பொய்களைச் சொல்லவேண்டும். உட்கார்ந்து வாசி.

முதல் பொய் உனக்குத் தெரியும். எனக்குப் பார்க்கின்சன் என்று டொக்டர் சொன்னபோது உனக்கு யூனிவர்சிற்றியில் கடைசி வருடம். சோதனை முடியட்டும் என்று சொல்லாமல் விட்டோம். பிறகு வேலை கிடைக்கட்டும் என்றோம். பிறகு ரொறொன்ரோவில் இடம் பிடிக்கட்டும் என்றோம். டிசம்பரில் நத்தாருக்கு வந்த நீ என் குளிசைப் பெட்டியைக் கண்டு "இது என்ன?" என்றபோது விற்றமின் என்றேன். நீ அந்தப் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்து, நாற்பது பக்கம் அச்சடித்துக்கொண்டு வந்து, என் முன்னால் வைத்து அழுதாய். அதற்கு நான் இன்னும் உன்னிடம் ஒழுங்காக மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். ஆனால் அழுகை முடிந்த கையோடு நீ பொலிஸ்காரனாக மாறியதையும் சொல்லத்தான் வேண்டும். குளியலறையில் பிடிகம்பி, படியில் பிடிகம்பி, வாசலில் பனி கரைய உப்பு, வீட்டில் இருந்த எல்லாக் கம்பளமும் வெளியே. வழுக்கும் வழுக்கும் என்று நீ ஸ்காபரோவில் இருந்து ஒவ்வொரு நாளும் ரெலிபோனில் சொன்னாய்.

இரண்டாவது பொய்: ஒவ்வொரு சனிக்கிழமையும் நானும் அப்பாவும் வடக்கே மலைக்குத் தியானத்துக்குப் போகிறோம் என்றது. மலை உண்மை. சனிக்கிழமை உண்மை. அங்கே நான் செய்வது பனிச்சறுக்கு.

மறுபடி வாசிக்காதே, சரியாகத்தான் வாசித்தாய். உன் அம்மா, அறுபதுக்கு இரண்டு குறைய, பார்க்கின்சன்காரி, மூன்று பனிக்காலமாக ஸ்கீ செய்கிறாள். நீ வீட்டில் கம்பளங்களைச் சுருட்டிக் கட்டிய அதே கிழமையில் நான் முதல்முதலாகச் சாய்விறக்கத்தில் விழாமல் திரும்பப் பழகினேன்.

இது நான் தேடிப்போன காரியம் இல்லை. நான் பிள்ளைகள் காப்பகத்தில், அந்தக் கார்தெரியில், வேலை செய்த கடைசிப் பனிக்காலத்தில், நாலு வயசுப் பிள்ளைகளை ஒருநாள் மலைக்குக் கூட்டிப்போனார்கள். பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கவும் கையுறை தேடிக் கொடுக்கவும் என்னையும் ஏற்றினார்கள். அங்கே கட்டடத்துக்குள் நுழைந்து கழிவறைக்குப் போகிற வழியில், ஒரு ஒடுங்கிய இடத்தில் என் கால் ஒட்டிக்கொண்டது. அந்த இடம் ஸ்கீ வாடகைக்கு எடுக்கிறவர்களின் வரிசை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் போனார்கள், பின்னால் இருந்தவர்கள் மெல்ல மெல்ல நெருங்கினார்கள், நான் எப்படியோ அரக்கி அரக்கி கவுண்டருக்கு முன்னால் வந்துவிட்டேன். அந்தப் பெடியன் "போன்ஜூர்" என்று சொல்லிக் கேட்கத் தொடங்கினான். என் குணம் உனக்குத் தெரியும். அகதி விண்ணப்பத்தோடு இந்த நாட்டில் இறங்கிய நாளில் இருந்து, கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற ஆள் எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்லவேண்டும், கேள்வி கேட்கக்கூடாது என்று பழகிவிட்டேன். பெயர் கேட்டான், சொன்னேன். வயசு கேட்டான், சொன்னேன். உயரம், சப்பாத்து அளவு. நிறை கேட்டான், அப்பாவுக்கே சொல்லாத நிறையை அவனுக்குச் சொன்னேன். கையெழுத்துப் போடச் சொன்னான், போட்டேன். அவன் ஒரு சோடி இரும்புச் சப்பாத்தையும் இரண்டு பலகையையும் தலைக்கவசத்தையும் என் கையில் தந்தபோதுதான் என்னவோ பிழைத்துவிட்டது என்று விளங்கியது. திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருந்தது. கையெழுத்து வேறு போட்டுவிட்டேனே.

ஜினெத்தை அங்கேதான் கண்டேன். எழுபது வயசு, கட்டைத் தலைமயிர், வெயிலிலும் பனியிலும் பொரிந்த முகம், பழக்குகிறவர்கள் போடும் சிவப்பு மேலங்கி. நான் வாங்கில் உட்கார்ந்து அந்தச் சப்பாத்தோடு மல்லுக்கட்டுவதைக் கண்டு, வகுப்புக்கு வந்த பொம்பிளை என்று நினைத்து, குனிந்து கொக்கிகளைப் பூட்டிவிட்டாள். கை நடுங்குவதைப் பார்த்து "பயமோ?" என்று கேட்டாள். வருத்தம் என்றேன். என்ன வருத்தம் என்றாள். நிரோ, பியர்பொன்ட்ஸில் இருபது வருடம் பழகிய ஒரு சனத்துக்கும் சொல்லாததை, பெயர் தெரியாத அந்தப் பொம்பிளைக்கு ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் பாவம் பார்க்கவில்லை, அப்படியோ என்கிறதுபோல "ஆ, போன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கால் சப்பாத்தைப் பூட்டினாள்.

வெளியே தட்டையாக, கொஞ்சமே சரிந்த ஒரு இடம். சின்னப் பிள்ளைகள் பழகுகிற இடம். ஜினெத் எனக்கு முன்னால் நின்று மூன்று சொல் சொன்னாள். "பிளியே." முழங்காலை மடக்கு. "ரெகார்டே லுவேன்." தூரப் பார். "கிளிஸ்ஸே, மதாம்." சறுக்குங்கள், அம்மா. கால் ஒட்டியிருக்கிறதே, எப்படிப் போகும் என்று நான் நினைத்து முடிக்க முதல் நான் போய்க்கொண்டிருந்தேன். காலைத் தூக்கவே தேவையில்லை! என் உடம்புக்கு மறந்துபோனது காலைத் தூக்கி வைக்கிறது மட்டும்தான். சறுக்குவதை அது மறக்கவில்லை, ஏனென்றால் அதை அது முன்பு பழகியதே இல்லை. இருபது அடி போயிருப்பேன். ஒரு நாலு வயசுப் பெட்டையை மோதி, இரண்டு பேருமாக விழுந்தோம். அவள் அழுதாள். நான் சிரித்தேன். அந்த வருத்தம் வந்த பிறகு முகமும் கொஞ்சம் இறுகித்தான் இருந்தது, சிரிக்கிறது குறைந்து போயிருந்தது. அன்றைக்கு வாய் நோகச் சிரித்தேன்.

டொக்டரிடம் போய்ப் பயந்து பயந்து சொன்னேன். அவர் ஏசுவார் என்று பார்த்தால், நடக்கமுடியாமல் நிற்கிற தன்னுடைய ஒரு நோயாளி சைக்கிளில் ஏற்றிவிட்டால் தெருவைச் சுற்றி வருகிறார் என்று சொன்னார். எல்லாருக்கும் சரிவராது, உனக்குச் சரிவருகிறது, தனியாகப் போகாதே, தலைக்கவசம் போடு, குளிசை வேலை செய்கிற நேரத்தில் மட்டும் போ என்றார். இதை நீ எடுத்து நாற்பது பக்கம் அச்சடிக்கத் தேவையில்லை. எல்லாம் கேட்டு நடக்கிறேன்.

அப்பாவைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய வேலை. "உமக்கு விசரே? சமதரையில நடக்க ஏலாத மனிசி மலையில இருந்து குதிக்கப் போறீரோ?" என்றார். "நடக்க ஏலாதபடியாத்தானப்பா சறுக்கப் போறன்" என்றேன். ஒரு தரம் வந்து பார்க்கட்டும் என்று கூட்டிப்போனேன். முழு நேரமும் கைகள் இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். இறங்கி வந்து சேர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது, குளிர் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்தான் சாரதி. என்னை இறக்கிவிட்டுக் கட்டடத்துக்குள் யன்னலோரம் இருந்து, உருளைக்கிழங்குப் பொரியலில் சீஸ் போட்டுக் குழம்பு ஊற்றிய பூட்டீன் சாப்பிடுவார். அவருக்குக் கொலஸ்ரரோல் கூடியதற்கு என் பார்க்கின்சன்தான் காரணம் என்பதை அவருடைய டொக்டருக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

எப்போதும் வெற்றிதான் என்று நினைக்காதே. ஒருநாள் குளிசையின் வேகம் பாதி இறக்கத்தில் முடிந்துவிட்டது. நட்ட நடுவில் கம்பம்போல நின்றேன். சனம் என்னை இரண்டு பக்கமும் சுற்றிப் போனது. நான் அங்கே திரும்புகிற இடத்தைக் காட்ட வைத்த அடையாளம் என்று நினைத்தார்களோ தெரியாது. கடைசியில் மீட்புக்காரர்கள் வந்து, என்னைப் போர்வையால் சுற்றி, சறுக்குவண்டியில் படுக்கவைத்துக் கட்டி இறக்கினார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு, இவ்வளவு பேர் பார்க்கிறார்கள், சும்மா கிடப்பானேன் என்று கையை வெளியே எடுத்து ஆட்டிக்கொண்டு வந்தேன். அப்பா படம் பிடித்தார். ஆகவே, தள்ளிக்கொண்டு போகிற வாகனத்தில் ஏறமாட்டேன் என்கிற வீம்பு என்னிடம் இல்லை. ஏறவேண்டிய நேரத்தில் ஏறியிருக்கிறேன்.

இனித் தியானத்துக்கு வருகிறேன். சனிக்கிழமைகளில் எங்கே போகிறோம் என்று பங்குச் சனம் கேட்கும் அல்லவா? உனக்குப் பெண் பார்க்கிற காலம். தாய்க்கு இப்படி ஒரு வருத்தம் என்று வெளியே தெரிந்தால் பரம்பரை என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள் என்று நான்தான் அப்பாவின் வாயைக் கட்டினேன். கல்யாணம் முடியும்வரை மூச்சு விடக்கூடாது. கை நடுங்குவது தெரியாமல் இருக்க நற்கருணையைக் கையில் வாங்காமல் நாக்கில் வாங்கத் தொடங்கினேன். பக்தி கூடிவிட்டது என்றார்கள். முகம் இறுகியது, எந்நேரமும் செபத்தில் இருக்கிறா என்றார்கள். மலைக்குத் தியானம் என்றதும் அந்தக் கதை முற்றியே விட்டது. சனம் என்னிடம் வந்து பிள்ளையின் சோதனைக்கும், தம்பியின் விசாவுக்கும், கர்ப்பப்பைக் கட்டிக்கும் செபிக்கச் சொன்னது. செபித்தேன், பொய் சொல்லவில்லை. இறக்கத்தில் எனக்கு ஒரு தாளம் வேண்டும், தாளம் இருந்தால்தான் உடம்பு ஓடும். மாதாவுக்குச் சொல்லும் அருள்நிறை மந்திரத்தின் முதல் பாதிக்கு இடப்பக்கம் திரும்புவேன், இரண்டாம் பாதிக்கு வலப்பக்கம் திரும்புவேன். ஒரு இறக்கத்துக்குச் செபமாலையில் பத்து மணி. தம்பிக்கு விசாவும் கிடைத்தது.

மூன்றாவது பொய்தான் பெரியது. பெப்ரவரியில் உன் மாமி, டிலானியின் தாய், மகளுக்குக் கல்யாணச் சேலை எடுக்க இங்கே வந்து நின்றபோது, நம்முடைய வாசல்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டுச் சுளுக்கியது என்று உனக்குச் சொன்னோம். நீயும் அதை நம்பி மூன்று கிழமை அப்பாவை உப்புப் போடு உப்புப் போடு என்று ஆய்க்கினைப்படுத்தினாய். உன் மாமி படியில் வழுக்கவில்லை. அவவை விழுத்தியது நான்.

வெள்ளிக்கிழமை வந்து இறங்கிய மனிசி, மறுநாள் காலை செபமாலையும் கையுமாக நடைபாதையில் ஆயத்தமாக நின்றா. "அக்கா, உங்கட தியானத்தைப் பற்றி எங்கட பங்கிலையும் கதைக்கினம். நானும் வாறன்" என்றா. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தியானத்துக்கு வராதே என்று யாரும் யாருக்கும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் ஒரு உதவியும் செய்யாமல் காரைத் துடைத்துக்கொண்டு நின்றார், உள்ளுக்குள் சிரிப்பது முதுகில் தெரிந்தது. காரில் ஒரு மணித்தியாலமும் உன் மாமி கதைத்தபடி வந்தா. "சுகமா இருக்கிறியளோ அக்கா? மனசில ஏதும் பாரமெண்டால் தியானத்துக்கு முதல் ஆரிட்டையும் சொல்லிப்போட்டுப் போறது நல்லது" என்றா. நான் "இந்த முறை பனி கூட" என்றேன். கொஞ்சத்தால் மறுபடி, "உடம்புக்கு ஒண்டுமில்லையே?" என்றா. "வீதியில பனியெல்லாம் நல்லா வழிச்சுப்போட்டாங்கள்" என்றேன்.

அங்கே போய், தியான வீடு மலைக்குப் பின்னால் இருக்கிறது, பேசாமல் இருக்கிற தியானம், புதுசாக வருகிறவர்களை முதல் நாள் விடமாட்டார்கள் என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டு, அவவை அப்பாவோடு யன்னலோரம் இருத்திவிட்டு நழுவினேன். ஒரு மணித்தியாலம் ஒழுங்காகப் போனது. உள்ளே இருந்து அலுத்து, காற்று வாங்க என்று செபமாலையோடு வெளியே வந்து, சரியாக இறக்கம் முடிகிற இடத்தில் உன் மாமி நிற்பதை நான் கண்டபோது எனக்கும் அவவுக்கும் நடுவில் முப்பது அடிதான் இருந்தது. நான் சத்தமாகச் செபம் சொல்லிக்கொண்டு வந்தேன். தமிழில் அருள்நிறை மந்திரம் மலையில் இருந்து இறங்கி வருவதைக் கேட்டு அவ திரும்பினா. "விலகுங்கோ!" என்று கத்தினேன். மனிசி விலகவில்லை. சிலுவை போட்டா. இரண்டு பேரும் சேர்ந்து பனிக்குள் போனோம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எனக்குப் பக்கத்தில் பனிக்குள் இருந்து உன் மாமியின் குரல் வந்தது. "அக்கா, இதுதானோ தியானம்?" என்றா. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மல்லாந்து கிடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பார்க்கின்சன், நாலு வருடம், உங்களுக்குச் சொல்லாமல் மறைத்தது நான்தான், பிள்ளையில் பிழை இல்லை, வேண்டாம் என்றால் இப்பவே சொல்லுங்கோ என்றேன். அவ தன் முகத்துப் பனியைத் துடைத்துக்கொண்டு, "வருத்தம் எனக்குத் தெரியும். நிரோ தம்பி டிலானிக்கு முதல் மாசமே ஒரு கோப்பிக் கடையில வைச்சுச் சொல்லிப்போட்டார். நீங்களாச் சொல்லுவியள் எண்டுதான் ரொறொன்ரோவில இருந்து வந்தனான். காருக்குள்ளயும் எத்தினை தரம் கேட்டனான். நீங்கள் வீதி வழிச்ச கதை கதைக்கிறியள்" என்றா. பிறகு, "வருத்தம் தெரியும். இந்தக் கூத்துத்தான் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினா. "வேற என்ன ஒளிச்சு வைச்சிருக்கிறியள்? இப்பவே சொல்லிப்போடுங்கோ" என்றா. யோசித்துப் பார்த்தேன். "நிரோ குறட்டை விடுவான்" என்றேன்.

நிரோ, நீ குறட்டை விடுவது அவர்களுக்கு என்னால்தான் தெரியும். அதற்கும் மன்னித்துக்கொள். ஆனால் அந்தப் பனிக்குள் கிடந்தபோது எனக்கு வந்த வெட்கத்தை நான் இந்த ஆயுளில் மறக்கமாட்டேன். நாலு வருடம் நான் மறைத்து மறைத்துக் காத்த உன் கல்யாணத்தை, நீ ஒரே நாளில், ஒரு கோப்பிக் கடையில், உண்மையைச் சொல்லி நிச்சயம் செய்திருக்கிறாய். உன்னை வளர்த்தது நான்தான், இந்தக் குணம் மட்டும் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அதை விட்டுவிடாதே. டிலானியிடம் எதையும் சோதனை முடியட்டும், வேலை கிடைக்கட்டும் என்று தள்ளி வைக்காதே. எங்கள் சனத்துக்குப் பொய் சொல்ல எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கும்.

இப்போது உனக்கு நான் சொல்லவந்த இடத்துக்கு வந்துவிட்டேன். உன் மாமியின் கையைக் கட்டிய பிறகு அப்பாவோடு மூன்று பேரும் கட்டடத்துக்குள் போகத் திரும்பினோம். கதவடியில் என் கால் ஒட்டிக்கொண்டது. உன் மாமி சுகமான கையால் என்னைப் பிடித்து இழுத்தா. இழுக்க இழுக்க நான் இன்னும் இறுகினேன். ஜினெத் வந்து, அவவின் கையை மெல்ல எடுத்துவிட்டு, என் பக்கத்தில் நின்று, காதுக்குள் அந்த மூன்று சொல்லையும் ஆறுதலாகச் சொன்னாள். நான் ஸ்கீயும் இல்லாமல், பனியும் இல்லாமல், கதவைத் தாண்டி உள்ளே போனேன். உடம்பு ஏமாந்துவிட்டது. இறக்கம் வருகிறது என்று நினைத்து முழங்கால் மடங்கியது, கண் தூரப் போனது, கால் தன்பாட்டில் போனது. அன்றிலிருந்து எத்தனையோ வாசலை அப்படித் தாண்டியிருக்கிறேன். நேற்று ஒத்திகையில் உனக்கு இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எங்கே பழகினீர்கள் என்று கேட்பாயே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்பாவுக்குத் தெரியும், ஆனால் அவர் அந்த நேரம் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். அதோடு அவர் வாயில் பிரெஞ்சு வந்தால் எனக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் கால் இன்னும் ஒட்டும்.

நீதான் சொல்லவேண்டும். நீ இங்கே பிறந்து பிரெஞ்சில் படித்தவன், உனக்கு அது சரியாக வரும்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. விருந்துப் பட்டியலில் சிஸ்டர் ஜினெத் என்று இருப்பவர் கன்னியாஸ்திரி இல்லை. நீ அவளைத் தியான வீட்டுச் சகோதரி என்று நினைத்து மூன்று பாதர்மார் இருக்கிற மேசையில் போட்டிருக்கிறாய். மாற்றாதே. அவள் பியர் குடிப்பாள், கதை நன்றாகச் சொல்லுவாள், பாதர்மாருக்கும் ஒரு மாறுதலாக இருக்கும். மற்றது அந்த நாற்காலி. அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டாம், ரிபனையும் கழற்றவேண்டாம், பெண் பிள்ளைகள் பாடுபட்டுக் கட்டியிருக்கிறார்கள். நாளைக்கு மண்டபத்தில் கல்யாணக் கேக்கை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரட்டும். எனக்கும் ஒருநாள் அது தேவைப்படும். டொக்டர் சொல்லாவிட்டாலும் அது எனக்குத் தெரியும். அந்த நாள் வந்ததும் நான் உன்னோடு சண்டை பிடிக்கமாட்டேன், புறாவையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏறுவேன். எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் அது நாலாவது பொய். பயம் இருக்கிறது. ஆனால் அந்த நாள் நாளைக்கு இல்லை.

இந்தக் கடிதத்தை உன் கோட்டின் உள்பையில் வைக்கிறேன். காலையில் கோட்டைப் போடும்போது கைக்குத் தட்டுப்படும், அழாமல் வாசி, படம் பிடிக்க வந்துவிடுவார்கள். குளிசை ஒன்பதரைக்குப் போடுவேன், நீ கேட்கத் தேவையில்லை. பத்தரைக்குக் கோயில் வாசலில் நிற்போம். நிலைப்படியைக் கண்டதும் நான் நிற்பேன். நின்றுவிட்டேன் என்று பதறாதே, மாமாவைக் கூப்பிடாதே, கையைப் பிடித்து இழுக்காதே. ஓகன் எத்தனைதரம் வாசித்தாலும் வாசிக்கட்டும். என் பக்கத்தில் உன்பாட்டில் நில். முழங்காலை மடக்கச் சொல். தூரப் பார்க்கச் சொல். பீடத்தடியில் டிலானி வந்து சேரப்போகிற இடத்தைப் பார்ப்பேன். பிறகு அந்த மூன்றாவது சொல்லை என் காதுக்குள் சொல். ஜினெத் சொல்வதுபோல மதாம் என்று சொல்லாதே. "கிளிஸ்ஸே, அம்மா" என்று சொல்.

வந்துவிடுவேன்.

அம்மா